கரையில் எழுந்து நின்றவர்கள்

நம் பள்ளிக்கூட குரூப்பில் போட்டிருந்த அழைப்பை நானும் பார்த்தேன். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். முதல் நாள் கடலூரில் கிளம்பி, கெடிலம் ஆற்றங்கரையில் பழைய வெள்ளைக்காரன் கோட்டை, பரங்கிப்பேட்டை, சாயங்காலம் சிதம்பரம் கோயில். ராத்திரி லாட்ஜ். மறுநாள் விடிவதற்கு முன்னே கிளம்பி வாய்க்கால் கரையோடு பிச்சாவரம் போய்ச் சூரியோதயம். முழுக்கச் சைக்கிளில். நம்மில் பாதிப் பேருக்குத் தொப்பை, மீதிப் பேருக்கு முட்டிவலி, எனக்கு இரண்டும். இருந்தாலும் ஆசை நல்ல ஆசைதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

அழைப்போடு ஒரு படம் போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பனிமூட்டத்தில் நீளமாக ஒரு மண்கரை. கரையோரம் வரிசையாகப் பெண்கள். கீழே, 'விருந்தினரை எழுந்து நின்று வரவேற்கும் நம் மண்ணின் பெண்கள்' என்று பூப்போட்ட எழுத்து. எந்த வெப்சைட்டிலிருந்து எடுத்தீர்களோ தெரியாது. அது எங்கள் ஊர்க் கரை. அந்த வரிசையில் மூன்றாவதாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது என் அம்மா. அவள் பக்கத்தில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வாண்டு நான்.

அது என்ன வரவேற்பு என்று சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

நீங்கள் எல்லாம் டவுன் பிள்ளைகள். எங்கள் ஊருக்கு வந்ததில்லை. சிதம்பரத்துக்கும் கிள்ளைக்கும் நடுவே, கடைமடையில் கிடக்கிற ஊர். மேலே எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் கடைசியில் எங்களிடம்தான் வந்து நிற்கும். ஐப்பசியில் வயல் முழுகினால் தை பாதி வரைக்கும் வடியாது. நடக்க, மாடு கட்ட, பிணம் எடுத்துப் போக, எல்லாவற்றுக்கும் மேடு என்று இருந்தது அந்த வாய்க்கால் கரை ஒன்றுதான். பெண்கள் வெளிக்குப் போவதும் அங்கேதான். எங்கள் ஊரில் அதற்கு 'கரைக்குப் போறது' என்றே பெயர்.

கக்கூஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சுனாமிக்கு அப்புறம் வண்டி வண்டியாக வந்த தொண்டு நிறுவனக்காரர்களில் ஒருவர் எங்கள் தெருவில் வரிசையாகக் கட்டிக் கொடுத்தார். நீலக் கதவு, சிமென்ட் கூரை, திறப்பு விழாவுக்கு ரிப்பன். இரண்டடி தோண்டினால் உப்புத்தண்ணீர் ஊறுகிற மண் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் மழையில் உள்ளே போனதெல்லாம் மிதந்துகொண்டு தெருவுக்கு வந்தது. நாற்றம் தாங்காமல் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்றது. அப்புறம் அந்தக் கதவுகளைச் சாத்தி உள்ளே விறகும் வறட்டியும் அடுக்கினோம். எங்கள் வீட்டுக் கக்கூஸில் ஆடு குட்டி போட்டது.

ஆகவே கரை. கரைச் சரிவு முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும். ஊதாப் பூப் பூக்கிற செடி, ஆடு மாடு வாய் வைக்காது. அதற்குள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே ஆள் தெரியாது. விடிவதற்கு முன்னே பெண்கள் கூட்டமாகப் போவோம். யார் வீட்டில் சண்டை, யாரைப் பெண் பார்க்க வந்தார்கள், யார் மாமியார் எண்ணெய்ச் சட்டியைப் பூட்டி வைக்கிறாள், எல்லாம் செடிக்குள்ளிருந்து குரலாகத்தான் வரும். நான் அங்கே சிரித்த அளவுக்கு வேறெங்கும் சிரித்ததில்லை.

ஆண்களுக்கு இடம் வேறு. கரை முக்கில் ஒரு பழைய கல்மண்டபம். மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போகும்போது அந்தக் காலத்தில் இறக்கி வைப்பார்களாம். அதன் முன்பக்கம் சீட்டாட்டம், பின்பக்கம் அவர்களுடைய காரியம். பெண்கள் இருக்கிற நேரத்தில் கரைமேல் வர வேண்டியிருந்தால், ஏறுவதற்கு முன்னே கீழே நின்று இருமுவார்கள். இருமல் கேட்டால் நாங்கள் எழுந்து, புடவையை இறக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார்கள். போனது யார் என்று நாங்கள் பார்க்க மாட்டோம், நின்றது யார் என்று அவர்களும் பார்க்க மாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட அந்த இருமலை மறந்து நான் பார்த்ததில்லை.

சுனாமி வந்து இரண்டு வருஷம் கழிந்திருந்தது. நான் ஏழாவது படித்தேன். அப்பாவும் அண்ணனும் நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வந்து போவார்கள். வீட்டில் அம்மா, அண்ணி, நான். அண்ணிக்குத் தலைப்பிரசவம். அவளுக்குத் தாய் இல்லை, அதனால் பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாகியிருந்தது.

அப்போது மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. புதுச்சேரியில் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பொத்தானில் மாட்டியிருப்பார், வாயில் எப்போதும் சூயிங்கம். ஒரு டிராவல்ஸ் முதலாளியிடம் பேசி, வெள்ளைக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப் போகிற திட்டத்தைப் பிடித்திருந்தார். மெயின் ரோட்டில் லாரி. அவர்களுக்கு வேண்டியது பச்சை வழி, பழைய கட்டடம், பறவைச் சத்தம். மூன்றும் எங்கள் கரையில் இருப்பதாக மாமாவுக்குத் தோன்றிவிட்டது.

"யக்கா, நம்ம ஊரு எங்கியோ போவப் போவுது. கரைக்கு ரோடு வரும், லைட் வரும். நீ பாத்துக்கிட்டே இரு" என்றார்.

"எந்தக் கரைக்குடா?" என்றாள் அம்மா.

"நம்ம வாய்க்கா கரைதான். அந்தக் காட்டாமணக்கெல்லாம் அடிச்சுத் தள்ளிட்டா சூப்பரா இருக்கும்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் புரியவில்லை. இதை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயசில் அந்தக் கரைக்குக் கீழே நின்று இருமியவர். தன் அக்கா எங்கே போகிறாள் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. அது நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயமாக அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

"அப்போ பொம்பளைங்க எங்க போவாங்க?" என்று அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அதுக்கு ஒரு பக்கம் விட்டுட்டு வெட்டச் சொல்றேன்கா. அது கூடவா எனக்குத் தெரியாது?"

வெட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள்தான். பஞ்சாயத்தில் கூலி வேலை என்று கூப்பிட்டார்கள். அம்மாவும் தெருப் பெண்களும் அரிவாளோடு போனார்கள். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண்தான். ஆனால் கையெழுத்து மட்டும் அந்தம்மாவுடையது, மற்றதெல்லாம் புருஷன். ஊரில் தலைவர் என்றால் அந்தப் புருஷனைத்தான் சொல்வார்கள். அவர் வெள்ளை வேட்டியோடு கரைமேல் நின்று, "இன்னும் அடி, இன்னும் அடி, தண்ணி நல்லா தெரியணும்" என்று விரட்டினார். ஒரு பக்கம் விடுவதாக மாமா சொன்ன பேச்சு காற்றோடு போனது. கடைசிப் புதரையும் வெட்டிக் கொளுத்தினார்கள். அந்தப் புகை கண்ணைக் கரித்தது. வெட்டவெளியாகக் கிடந்த சரிவில் எங்கள் காரியமெல்லாம் பட்டப்பகலில் பல்லைக் காட்டியது, அதன்மேல் ஈ. தலைவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, என்னா பொம்பளைங்கடா இவுங்க" என்றார். அவருடைய வீட்டுக்காரியும் கரைக்குத்தான் போவாள். அவர்கள் வீட்டுக் கக்கூஸும் மழைக்காலத்தில் பொங்கும்.

அதன்மேல் மண்ணைக் கொட்டி, புங்கன் கன்று நட்டு, மூங்கில் கூடை கவிழ்த்தார்கள். ஆடுகள் முதல் வாரத்திலேயே அதைத் தீர்த்துவிட்டன. மண்டபத்தின் பின்பக்கத்தைக் கழுவிவிட்டு, விருந்தாளி வருகிறார்கள் என்று கல்தூணுக்கெல்லாம் கிளிப்பச்சை எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். தூணில் இருந்த யாளிக்குச் சிவப்பு நாக்கு. பழைய கட்டடம் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்து வைத்த மரியாதை இது.

மார்கழி பிறந்தது. கோயில் குழாயில் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னே நாங்கள் கரைக்குப் போய்விடுவோம். மறைவு இல்லை, இருட்டு ஒன்றுதான் மறைவு. சிரிப்பும் பேச்சும் நின்றுபோயிருந்தது. ஆளுக்கு ஆள் தள்ளி, முக்காடு போட்டுக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம்.

முதல் கூட்டம் வந்த அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சைக்கிள்கள் கரைமேல் வந்தன. இருமல் இல்லை. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. அம்மா எழுந்தாள், நான் எழுந்தேன், பக்கத்து வீட்டு அக்கா எழுந்தாள். வெளிச்சம் வர வர, கரை நெடுக ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முன்னால் வந்த மாமா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். அவர் பின்னால் ஒரு வெள்ளைக்காரம்மா இரண்டு கையையும் ஹாண்டில்பாரிலிருந்து எடுத்துக் கும்பிட்டாள். எல்லாருமே கும்பிட்டார்கள். "நமஸ்தே, நமஸ்தே" என்று சத்தம். ஒருவர் இறங்கி ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தார். நீங்கள் போட்டிருக்கிறது அந்தப் படமாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கருவாட்டுக் குழம்பு. சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"யக்கா, ஒரு கூத்து. இவுங்க ஏன் எந்திரிச்சு நிக்கிறாங்கன்னு அந்தம்மா கேட்டுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் கை கால் ஓடல. அப்புறம் சொன்னேன் பாரு, எங்க ஊர் வழக்கம் இது, விருந்தாளி வந்தா பொம்பளைங்க வரிசையா எந்திரிச்சு நின்னு மரியாதை பண்ணுவாங்கன்னு. அந்தம்மா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எப்படிச் சமாளிச்சேன்?"

குழம்புக் கரண்டி சட்டியிலேயே நின்றது. அண்ணி எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். மாசமாக இருக்கிறவள் என்று மாமா நினைத்துக்கொண்டார். அவர் இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டதையும், விரல் இடுக்கில் குழம்பு வழிந்ததை நக்கியதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவாடு என்றால் எனக்கு உயிர். அன்றைக்கு என் துண்டைப் பூனைக்குப் போட்டேன்.

அந்தப் பொய் மாமாவுக்கு நன்றாக ஓடியது. முதலாளிக்கு அது பிடித்துப்போய், டூர் பேப்பரிலேயே 'கிராமத்துப் பெண்களின் வரவேற்பு' என்று அச்சடித்துவிட்டாராம். சனி ஞாயிறு தவறாமல் கூட்டம் வந்தது. சீக்கிரம் போனாலும் மாட்டினோம், தாமதமாகப் போனால் விடிந்துவிடும். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரம்மா இறங்கி வந்து ஆளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். அம்மா அப்போதுதான் எழுந்து நின்றிருந்தாள், இன்னும் தண்ணீரில் இறங்கிக் கால் கழுவவில்லை. வலது கையில் புடவையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அந்தம்மா அன்பாகச் சிரித்துக்கொண்டே அந்தக் கையை இழுத்துப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிவிட்டு, அதே கையால் ஒரு சாக்லேட்டைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மா சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தாள், அப்புறம் சோப்பு, அப்புறம் மறுபடி சாம்பல். "பாவம்டி அந்தப் பொம்பள. எந்தக் கையப் புடிச்சோம்னு அவளுக்குத் தெரியல" என்றாள். சாக்லேட்டை என் கையில் கொடுக்கவில்லை. குப்பையில் போட்டாள்.

பெண்கள் சேர்ந்து தலைவர் வீட்டுக்குப் போனார்கள். நானும் அம்மாவோடு போனேன். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மாமாவும் இருந்தார். நிஜமான தலைவர், அந்தம்மா, கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ஒரு மணி நேரம் தள்ளி வரச் சொல்லுங்க. நாங்க அதுக்குள்ள வந்துடுறோம்" என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். "உனக்கோசரம் சூரியன நிறுத்தி வைக்க முடியுமாக்கா? அவுங்க வர்றதே சூரியோதயம் பாக்கத்தான்."

"அப்போ அந்தச் செடிய வளர வுடுங்க."

"என்னாம்மா நீங்க" என்றார் தலைவர். "ஊருக்கு நல்லது நடக்கறப்போ இப்படிக் குறுக்க வந்து நிக்கிறீங்க. ரெண்டு மாசம். ரெண்டே மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அட்ஜஸ்ட். அந்த வார்த்தையை இன்றைக்கும் யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். எதை அட்ஜஸ்ட் பண்ணுவது? வயிற்றையா? அதைத்தான் பண்ணினோம். சாயங்காலத்துக்கு மேல் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். ராத்திரிச் சோறு அரை வயிறு. அண்ணி முழுக்கவே நிறுத்திவிட்டாள். நிறைமாதத்தை நெருங்குகிற உடம்பு. உட்கார்ந்தால் எழ முடியாது, அத்தனை வெளிச்சத்துக்கு நடுவே யாரையாவது பிடித்துத் தொங்கிக்கொண்டு எழ அவளுக்கு வெட்கம். பகல் பூராவும் அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். உதடு வெடித்துக் கிடந்தது. பொங்கலுக்கு மறுவாரம் குளிர்க் காய்ச்சல் வந்தது, நீர் போகும்போது எரிச்சல் தாங்காமல் பல்லைக் கடித்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நர்ஸ் அக்கா அண்ணியின் நாக்கைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டினாள்.

"என்னாம்மா, மருமவளுக்குத் தண்ணி கூடக் குடுக்க மாட்டீங்களா? இப்படி அடக்கி அடக்கி வச்சா காய்ச்சல் வராம என்னா பண்ணும்? இன்னொரு தடவ வந்துச்சுன்னா உள்ள இருக்கிற புள்ளைக்கு ஆவாது. சொல்லிட்டேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். யார் அடக்க வைத்தது என்று சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத்தான் கேவலம். பஸ்ஸில் வரும்போது அண்ணியின் மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்து, "குடி. கொஞ்சம் கொஞ்சமா பூராவும் குடி. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த வாரமே மாமா வீடு வீடாக வந்தார். மறுநாள் பெரிய கூட்டம் வருகிறதாம். முதலாளியே வருகிறாராம், வீடியோ எடுக்கிறார்களாம். தலைவர் மண்டபத்தில் மாலையோடு நிற்கப் போகிறாராம்.

"யக்கா, நாளைக்கு எல்லாரும் நல்ல பொடவையா கட்டிக்குங்க. மூஞ்சத் திருப்பிக்காதீங்க. லேசா சிரிச்சா மாதிரி நில்லுங்க."

"கரைக்கு நல்ல பொடவையா?" என்றாள் அம்மா.

"ஒரு நாளைக்குத்தானேக்கா."

"டேய் தம்பி, நாங்க அங்க எதுக்குப் போறோம்னு உனக்கு ஞாபகம் இருக்கா இல்லியா?"

மாமா சூயிங்கத்தை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளினார். "அத இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு. அசிங்கமா" என்றார். அசிங்கம் என்றதும் அவர் முகம் நிஜமாகவே கோணியது.

மறுநாள் கரைக்குப் போனோம். நல்ல பனி. கட்டின புடவையோடுதான் எல்லாரும் வந்திருந்தார்கள். தலைவரின் வீட்டுக்காரி மட்டும் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். அவள் அழுதிருந்தாள் என்பது அந்த இருட்டிலும் தெரிந்தது. அண்ணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம். மண் ஈரம் பாதத்தில் ஜில்லென்று ஏறியது.

மணிச் சத்தம் வந்தது. அன்றைக்கு நிறைய மணி. கூடவே வீடியோ விளக்கு, பகல்போல வெளிச்சம். கரைக்கோடியில் இருந்தவர்கள் வழக்கம்போல எழ ஆரம்பித்தார்கள். அண்ணி ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். எழ முடியவில்லை. இன்னொரு தரம் முயன்றாள், முனகல் வந்தது. அம்மா பாதி எழுந்திருந்தவள், அண்ணியைப் பார்த்தாள், வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"உக்காரு. எதுக்கு எந்திரிக்கணும்?" என்றாள்.

சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன், உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா எழுந்து நின்றவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். "அட, ஆமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். வரிசை நெடுக ஒவ்வொருத்தராக மறுபடி உட்கார்ந்தார்கள். பட்டுப் புடவைதான் கடைசி. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சைக்கிள்கள் வந்தன. முன்னால் வந்த வெள்ளைக்காரர் கும்பிடக் கையைச் சேர்த்தவர் அப்படியே நின்றார். இவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரிய எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. கை இறங்கியது. பின்னால் வந்தவர் அவர்மேல் இடித்தார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பையன் ஒருத்தன் சிரித்தான். யாரோ அவன் தலையில் தட்டினார்கள். வீடியோக்காரன் மட்டும் விளக்கை அணைக்காமல் எடுத்துக்கொண்டே நின்றான். நம்மூர்க்காரன்தான், சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன்.

மாமா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். கரைமேலிருந்து கத்தினார்.

"எந்திரிங்கடி! யக்கா, எந்திரிச்சுத் தொலை. மானம் போவுது."

அம்மா உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அந்த நிலையில் ஒரு பெண் ஓர் ஆணை நேராகப் பார்த்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"போறது உன் மானம்டா. எங்களுது போன மாசமே போயிடுச்சு. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு, பொண்ணு கால் கழுவணும்" என்றாள்.

அம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு கையாக அண்ணியைத் தூக்கினோம். வாய்க்காலில் இறக்கினோம். மார்கழி தை மாதத்துத் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். எங்களுக்குப் பின்னால் சங்கிலி உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது கூட்டம் வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தில் தலைவர் மாலையோடு விடிந்து வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றாராம். முதலாளி வருகிறார் என்று முதல் நாள் மறுபடி பூசிய பெயிண்ட் அவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டூர் அதோடு நின்றது. ரோடும் வரவில்லை, லைட்டும் வரவில்லை. மாமா மறுபடி வேன் ஓட்டப் போனார். அம்மாவோடு பல வருஷம் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், "நல்லா வந்திருக்க வேண்டிய ஊரு. பொம்பளைங்க கெடுத்தாங்க" என்பதை விடவில்லை. இப்போது அவருக்கு நடமாட்டம் இல்லை. அத்தைதான் படுக்கையிலேயே பெட்பேன் வைத்து, இருந்ததை எடுத்துக் கொட்டுகிறாள். கதவைச் சாத்து, திரையை இழுத்துவிடு என்று ஒவ்வொரு தடவையும் அவளை அதட்டுகிறார். நான் பார்க்கப் போயிருந்தபோது என் எதிரிலேயே அதட்டினார். அத்தை திரையை இழுத்துவிட்டாள். பாவம் என்று தோன்ற வேண்டும்தான். எனக்குத் தோன்றவில்லை.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. காட்டாமணக்கு இரண்டு மழையில் தானாக வளர்ந்து மூடிக்கொண்டது. அதை யாரும் நடவில்லை. கரையில் மறுபடி பேச்சுக் கேட்க ஆரம்பித்தது.

இப்போது வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்கிறது, சுவரில் படமும் வாசகமும் எழுதியிருக்கிறது. ஆனால் மண் அதே மண். தண்ணீர் ஏறினால் பாதி வீட்டில் பொங்குகிறது. மழைக்காலத்தில் கரைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவும் போகிறாள். அவளுக்கு முட்டி போய்விட்டது, உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும்.

உங்கள் அழைப்பில் தேதி மார்கழியில் போட்டிருக்கிறது. நானும் வருகிறேன். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், வேறு எதையாவது போடுங்கள், கோபுரத்தைப் போடுங்கள். சூரியோதயம் வேண்டும் என்று அடம் பிடித்து இருட்டோடு கிளம்புவதானால் கிளம்புங்கள். கரை முக்கு வந்ததும் நெற்றி விளக்கை அணைத்துவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், கும்பிடாதீர்கள். எல்லாரும் சைக்கிளைவிட்டு இறங்கி, கீழேயே நின்று இருமுங்கள். என் அம்மா எழுந்திருக்கிற வரைக்கும் நில்லுங்கள்.